உண்டு, இல்லை, வாய்வாளாமை: காஞ்சி வட்டாரச் சான்றுகளின்வழி கடவுள் மறுப்பும் அறியொணாமையும்

ஆய்வுச் சுருக்கம்

கடவுள் இல்லை என்னும் மறுப்பாளருக்கும், கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிய இயலாது என்னும் அறியொணாவாதிக்கும் இடையிலான வழக்கு ஐரோப்பியச் சிந்தனையில் அறிவின் எல்லை பற்றிய வழக்காக நிகழ்ந்தது. தமிழில் அவ்வழக்கு வேறு தளத்தில் நிகழ்ந்துள்ளது. உத்திரமேரூர்க் கல்வெட்டு, திருக்குறள் 850-க்கான பரிமேலழகர் உரை, மணிமேகலையின் இறுதிக் காதைகள், சிவஞான சித்தியார் பரபக்கம், அண்ணாவின் ‘வேலைக்காரி’, 1967-ஆம் ஆண்டின் திருமணச் சட்டத் திருத்தம் ஆகியவற்றை ஒருங்கே வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது. அண்ணாவின் நிலைப்பாட்டைப் பெரியாரின் மறுப்பிலிருந்து நேர்ந்த சறுக்கலாகவோ அறியொணாவாதமாகவோ கொள்ளும் வாசிப்புகள் மறுபரிசீலனைக்குரியன என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: நாத்திகம், அறியொணாவாதம், மணிமேகலை, பூதவாதம், பரிமேலழகர், அண்ணா, பெரியார், உத்திரமேரூர்.

கல்வெட்டு கேட்ட தகுதி

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரின் வைகுண்டப்பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதற்பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) இரு கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறைக்காக இவை பெரிதும் பேசப்பட்டுவிட்டன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்கு உறுப்பினர் குடவோலையால் தெரிவு செய்யப்பட்டனர். மக்களாட்சியின் தொட்டில் என்று மேடைகளில் கொண்டாடப்படும் இச்சாசனத்தை இங்கு வேறொரு நோக்கில் வாசிக்க வேண்டியுள்ளது.

குடவோலையில் பெயர் இடப்பட இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். அகவை 35-க்கு மேல் 70-க்குள் இருத்தல் வேண்டும். மந்திரப் பிராமணம் அறிந்து பிறருக்கு ஓதுவிக்கும் வல்லமை வேண்டும். ஒரு வேதத்தையும் நான்கு பாடியங்களுள் ஒன்றையும் கற்றவருக்கு அரைக்கால் வேலி நிலமே போதும். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும், பெரும்பாதகம் செய்தோரும், பிறர் பொருள் கவர்ந்தோரும் விலக்கப்படுகின்றனர். தகுதிகளும் தகுதியின்மைகளும் இவ்வளவு நுணுக்கமாக அடுக்கப்படும் இடத்தில் கடவுள் நம்பிக்கை பற்றிய கேள்வி எழவேயில்லை. சபை கேட்டது வேதக் கல்வியையும் நிலத்தையும் ஒழுக்கத்தையுமே.

நம்பிக்கை எல்லார்க்கும் பொதுவாக இருந்ததால் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று என்று எளிதாக விடை கூறிவிடலாம். அவ்விடை முழுமையானதன்று. வேதத்தை ஏற்று, உலகைப் படைத்த இறைவனை ஏற்காத மீமாஞ்சை அக்காலத்து வேதக் கல்வியின் நடுநாயகமாக விளங்கியது. உத்திரமேரூருக்குத் தெற்கே, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் இயங்கிய கல்லூரியைப் பற்றிய கல்வெட்டு, உயர்நிலை மாணவர் 70 பேரைக் குறிப்பிடுகிறது. அவருள் 25 பேர் வியாகரணமும் 10 பேர் வேதாந்தமும் பயில, எஞ்சிய 35 பேர் பயின்றது பிராபாகர மீமாஞ்சை. உலகுக்கு ஒரு கருத்தா இருந்தாக வேண்டும் என்னும் அனுமானத்தை மறுக்கும் நெறி அது. சரிபாதி மாணவர் அதனைக் கற்றனர். அவர்களுக்கு நெல் அளந்தது கோயில். அத்தகைய மீமாஞ்சகர் ஒருவர் உத்திரமேரூரில் நிலமும் மனையும் உடையவராயின் குடவோலைக்குத் தடையின்றித் தகுதி பெற்றிருப்பார். நாள்தோறும் பெருமாளைத் தொழுது ஏரியில் மண் சுமந்த உழவர் தகுதி பெற்றிருக்க மாட்டார்.

வேதத்தை நிந்திப்பவனே நாத்திகன் என்பது மனுநூல் தரும் வரையறை. அவ்வரையறையில் கடவுளுக்கு இடமில்லை என்பது தமிழ் ஆய்வுலகம் அறிந்ததே. ஆயினும் நாத்திகம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இதனை முதற்பத்தியில் சொல்லிவிட்டு இரண்டாம் பத்தியில் மறந்துவிடுகின்றன. மறுப்பின் இலக்காக எது கருதப்பட்டது என்னும் வினாவைத் தொடர்ந்து கைக்கொண்டால் பிற்கால வழக்குகளும் வேறு வடிவம் பெறுகின்றன.

‘உலகத்தார்’ யார்?

காஞ்சியைச் சேர்ந்தவர் என மரபு கூறும் பரிமேலழகரிடம் இவ்வினாவுக்கு ஒரு விடை கிடைக்கிறது. புல்லறிவாண்மை அதிகாரத்தின் இறுதிக் குறள் (850), உலகத்தார் உண்டு என்று கொள்வதை இல்லை என்பவனை உலகில் ஓர் அலகையாக வைத்து எண்ணுவர் என்ற கருத்துடையது. குறளில் கடவுள் என்னும் சொல் இல்லை. எதனை உண்டு என்பது என்றும் குறள் சொல்லவில்லை. அவ்வெற்றிடத்தை நிரப்புபவர் உரைகாரர். கடவுள், மறுபிறப்பு, இருவினைப்பயன் முதலியவற்றை அவர் அங்கே வருவிக்கிறார். அதனினும் கவனிக்கத்தக்கது, ‘உலகத்தார்’ என்பதற்கு அவர் உயர்ந்தோர் எனப் பொருள் கொள்வது. உலகவழக்கு என்பது உயர்ந்தோர் வழக்கு என்ற இலக்கண மரபு அவருக்குத் துணை நிற்கிறது.

இவ்விரு நகர்வுகளும் சேர்ந்து குறளின் தன்மையை மாற்றிவிடுகின்றன. பலர் கண்டறிந்ததைத் தன் அறியாமையால் மறுக்கும் பேதையைப் பற்றிய பொதுக்கருத்து, உயர்ந்தோர் உளதெனக் கூறிய கடவுளை மறுப்பவனுக்கான தண்டனையாகிறது. அத்தண்டனையின் தன்மையும் நோக்கத்தக்கது. மறுப்பவன் நரகுக்கு அனுப்பப்படவில்லை. அவன் கூற்று தவறென நிறுவப்படவுமில்லை. மனிதர் கணக்கிலிருந்து நீக்கப்பட்டு அலகைக் கணக்கில் சேர்க்கப்படுகிறான். உத்திரமேரூர்ச் சாசனம் தகுதியற்றோரைக் குடவோலையிலிருந்து நீக்கியதும் இதே வகையான செயலே. அறிய முடியுமா என்னும் வினா இங்கு எழவில்லை. யார் கூற்று செல்லும் என்பதே வினா.

கடவுளில்லா இருவர் வாதம்

1869-இல் தாமஸ் ஹக்ஸ்லி தம் நிலையைக் குறிக்க ஆக்கிய சொல்லே தமிழில் அறியொணாவாதம் என்றும் ஐயவாதம் என்றும் வழங்குகிறது. இவ்விரண்டும் ஒன்றல்ல. ஐயம் தெளியக்கூடியது; அறியொணாமை தெளியாது என்ற உறுதியைக் கொண்டது. பாடநூல்கள் இரண்டையும் மாற்றி மாற்றி வழங்குவதால் வாதமே மங்கிவிடுகிறது. தமிழ் மரபில் இதற்கு முன்வடிவம் தேடுவோர் பௌத்தத்தின் மௌனத்தைச் சுட்டுவது வழக்கம். மணிமேகலையை அணுக்கமாக வாசித்தால் அச்சுட்டு நிலைபெறுமா என்பது ஐயத்துக்குரியது.

வஞ்சியில் நிகழும் 27-ஆம் காதையில் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை பல சமயத்தார் தத்தம் கொள்கைகளைக் கூறுகின்றனர். பெரும்பாலோர் கூற்றை மணிமேகலை கேட்டுவிட்டுக் கடக்கிறாள். இறுதியில் வரும் பூதவாதியிடம் மட்டுமே அவள் நகைத்து எதிர்வாதம் தொடுக்கிறாள். இத்தெரிவு சிந்தனைக்குரியது. சைவவாதியும் வைணவவாதியும் இறைவனை நிறுவிச் சென்றபோது எழாத நகை, இறைவனை வேண்டாத ஒருவனிடம் எழுகிறது. மணிமேகலை தழுவவிருக்கும் பௌத்தத்திலும் படைப்புக் கடவுள் இல்லை; பூதவாதத்திலும் இல்லை. கடவுளில்லாத இருவருக்கிடையே நிகழும் இவ்வாதமே, அறியொணாவாதி–மறுப்பாளர் வழக்குக்குத் தமிழ்க் காப்பியத்தில் மிக அருகில் நிற்கும் காட்சி.

வாதம் கடவுளைப் பற்றியதாக இல்லை. காட்சி ஒன்றே அளவை, கருதல் வேண்டாம் என்பது பூதவாதியின் நிலை. முற்பிறப்பு உணர்ந்த மணிமேகலைக்கு அது நகைப்பூட்டுகிறது. அத்தகைய உணர்வு தெய்வ மயக்காலோ கனவாலோ பித்தாலோ நேர்வது என்று அவன் ஒதுக்க, உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி எப்படி அறிவாய் என்று அவள் மடக்குகிறாள். (காட்சியை மட்டும் நம்பும் அவன் வாயில் தெய்வ மயக்கு என்னும் விளக்கம் எப்படி வந்தது என்பதை உரையாசிரியர் எவரேனும் அவனிடம் கேட்டிருக்கலாம்.) வழக்கின் பொருள் அளவை. எவ்வளவு அறியலாம் என்பதில் மணிமேகலையே தாராளமானவள். மறுப்பாளனே அறிவின் எல்லையைக் குறுக்குபவன். ஐரோப்பிய வழக்கில் எல்லையைக் குறுக்கியது அறியொணாவாதி. பாத்திரங்கள் இடம் மாறியுள்ளன.

பின்னர் மணிமேகலை காஞ்சி வருகிறாள். அறவண அடிகள் அவளுக்குக் காட்சி, கருதல் என்னும் இரண்டளவைகளையும் போலிகளையும் 29-ஆம் காதையில் உணர்த்துகிறார். 30-ஆம் காதையில் பன்னிரு சார்புகளைச் சொல்லிவிட்டு வினாக்களுக்கு விடை கூறும் முறை நான்கினை வகுக்கிறார்: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. தோன்றியது கெடுமா என்றால் கெடும் என்பது முதலாவது. செத்தவன் பிறப்பானா என்றால், பற்று விட்டவனா விடாதவனா எனப் பகுத்துக் கூறுவது இரண்டாவது. முட்டை முந்தியதா பனை முந்தியதா என்றால், எந்த முட்டைக்கு எந்தப் பனை என மறுவினா எழுப்புவது மூன்றாவது. ஆகாயப்பூ பழையதா புதியதா என்று கேட்பவனுக்கு மறுமொழி கூறாதிருப்பது நான்காவது.

வாய்வாளாமையைப் பௌத்த அறியொணாவாதம் என்போர் இவ்வெடுத்துக்காட்டைக் கருத்தூன்றிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆகாயப்பூவின் வயது அறியமுடியாதது என்பதால் மௌனம் காக்கப்படவில்லை. பூவே இல்லாதபோது வயது பற்றிய வினாவுக்கு எவ்விடை கூறினும் பூ உண்டு என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும், அதனால் மௌனம். விடை தெரியாமையும் வினா பொருந்தாமையும் வெவ்வேறு. அறியொணாவாதி வினாவை முறையானதெனக் கொண்டு விடையைக் கைவிடுகிறார். அறவணர் வினாவையே கைவிடுகிறார். ஹக்ஸ்லியோடு அறவணரை நெருக்கி வைப்பது இருவருக்கும் நியாயம் செய்வதாகாது. மேலும், மணிமேகலா தெய்வமும் தீவதிலகையும் கந்திற்பாவையும் நடமாடும் காப்பியத்தில் ‘தெய்வங்கள் உளவா’ என்ற வினாவுக்கு வாய்வாளாமை விடையாக முடியாது. அவை உள, ஆனால் படைப்பவை அல்ல என்று கூறிடவே வேண்டும்.

13-ஆம் நூற்றாண்டின் சிவஞான சித்தியார் பரபக்கம் இதனை எதிர்த்திசையிலிருந்து உறுதிப்படுத்துகிறது. அருணந்தி சிவாசாரியார் எதிர்கொள்ளும் 14 மதத்தாருள் முதல்வன் உலகாயதன். பௌத்தர் நால்வர், சமணன், மீமாஞ்சை வழிப்பட்ட பட்டாசாரியன், பிரபாகரன், நிரீச்சுர சாங்கியன் எனப் படைப்பிறைவனை ஏற்காதோர் தொடர்கின்றனர். பட்டியலின் பெரும்பகுதி சிவனின்றியே உலகை விளக்க முற்படுவோரால் நிறைந்துள்ளது. இவ்வளவு விரிந்த பட்டியலிலும், அறிய இயலாது என்று நிற்பவன் ஒருவன்கூட இல்லை. வடபுலத்தில் சஞ்சயன் போன்றோர் அந்நிலைக்காகப் பௌத்த நூல்களில் பேசப்பட்டனர். தமிழ்ச் சித்தாந்தி அவனைப் பொருட்படுத்தத் தக்க எதிரியாகக் காணவில்லை. அளவைகளை முன்வைக்காதவனோடு வாதிட முடியாது என்பது காரணமாகலாம்.

மறுவினாவின் வருகை

சென்னை இலௌகிக சங்கத்தாரின் ‘தத்துவ விவேசினி’ (1882–1888) மூலம் புதிய சொற்கள் தமிழுக்குள் வந்தன. வீ. அரசு அவ்விதழ்களைத் தொகுத்து வெளியிட்ட பின்னரே தமிழ்ப் பகுத்தறிவு வரலாறு 1925-இல் தொடங்குவதாக எழுதும் வழக்கம் தளர்ந்தது. அச்சங்கம் இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா நடத்திய இயக்கத்தோடு தொடர்பு கொண்டிருந்தது. பிராட்லா நாத்திகரெனவே அறியப்பட்டவர். எனினும் கடவுள் இல்லை என்று அறுதியிடுவது நாத்திகனின் வேலையன்று, கடவுள் என்பதால் நீர் எதனைக் குறிக்கிறீர் எனக் கேட்பதே அவன் வேலை என்னும் கருத்தில் எழுதியவர் அவர். எந்த முட்டைக்கு எந்தப் பனை என்ற அறவணரின் மறுவினாவோடு இது முழுதும் பொருந்துகிறது.

அறியொணாவாதி என்னும் பெயரையும் மறுப்பாளர் என்னும் பெயரையும் அவையறிந்து மாற்றிக்கொண்டவர்களும் உளர். பெர்ட்ரண்டு ரசல், தத்துவம் கற்றோர் அவையில் தம்மை அறியொணாவாதி என்றும் பொதுமக்களிடம் நாத்திகர் என்றும் சொல்லிக்கொள்ள வேண்டும் என எழுதினார். கடவுளின் இன்மையை நிறுவும் வாதம் தம்மிடம் இல்லை என்பது முதலாவதற்குக் காரணம். ஹோமரின் தெய்வங்கள் இல்லை என்பதையும் அவ்வாறே நிறுவ முடியாது என்பது இரண்டாவதற்குக் காரணம். கிறித்தவம் பற்றிய அவருடைய உரையைத் தமிழில் வெளியிட்ட சுயமரியாதை இயக்கம் அவருடைய இரண்டாம் முகத்தை மட்டுமே ஏற்றது. தத்துவ அவையின் ஐயம் ஈரோட்டுக்குப் பயன்படவில்லை. அது அறிவுக்குறைவால் நேர்ந்ததன்று. பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையை ஜீவா தமிழாக்கி, அதன் பொருட்டுச் சிறையேக வேண்டியிருந்த காலம் அது. அறியேன் என்பவனை எந்த அரசும் சிறையிடாது.

உடைப்பதும் உடையாமையும்

1953 மே 27, புத்தர் நாளில் பெரியார் பிள்ளையார் உருவங்களை உடைக்கும் கிளர்ச்சியை நடத்தினார். பிள்ளையாரை உடைப்பதுமில்லை, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதுமில்லை என்னும் நிலையைத் திராவிட முன்னேற்றக் கழகத்தின் சார்பில் அண்ணா வகுத்தார். காஞ்சிபுரத்தில் பிறந்து, 1942-இல் அங்கிருந்தே ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கிய அவர், குலமும் தேவனும் ஒன்றே என்னும் திருமூலர் வாக்கைக் கட்சியின் முழக்கமாகவும் ஆக்கினார். திறனாய்வாளரிடையே இதற்கு இருவகை விளக்கங்கள் உள்ளன. வாக்குக்காக மறுப்பைக் கைவிட்டார் என்பது ஒன்று. அண்ணா அகத்தே அறியொணாவாதி என்பது மற்றொன்று. முதலாவது உளநோக்கத்தை ஆராய்கிறது. இரண்டாவது உள்ளத்தின் நம்பிக்கையை ஆராய்கிறது. பனுவலை ஆராயும் வாசிப்பு இவற்றினும் குறைவு.

உடைத்தல் தொடர்பான வழக்கு 1958-இல் உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. கடையில் வாங்கிய, கோயிலில் நிறுவப்படாத களிமண் உருவம் புனிதப் பொருளாகாது என்று கீழமை நீதிமன்றங்கள் கருதின. உச்சநீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தபோதிலும் அக்கருத்தை ஏற்கவில்லை. மக்களில் ஒரு வகுப்பார் ஒரு பொருளைப் புனிதமெனக் கொண்டால், அது கோயிலில் நிறுவப்பட்டதாயினும் அல்லாததாயினும், சட்டம் அதனைப் புனிதப் பொருளாகவே கருத வேண்டும் என்றது. களிமண்ணில் கடவுள் உண்டா என்று நீதிமன்றம் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. குறள் 850-இன் ‘உலகத்தார்’ இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழியே மீண்டும் வருகின்றனர். இம்முறை உயர்ந்தோர் என்னும் உரையின்றி, எவ்வகுப்பாரும் என்னும் பொருளில்.

பெரியாரின் சிலைப்பீடங்களில் காணப்படும் மறுப்புரை 1967-இல் வடிவம் பெற்றது. அந்த வாசகங்களை நீக்கக் கோரிய வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2019-இல் தள்ளுபடி செய்தது. அறவணரின் முதல் வகையான துணிந்து சொல்லலுக்குத் தமிழில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆயினும் அவ்வுரையின் அமைப்பு நோக்கத்தக்கது. இன்மையை மும்முறை அறைந்தபின், கடவுளைக் கற்பித்தவன், பரப்பியவன், வணங்குபவன் என்று மூன்று மனிதர் மீது அது திரும்புகிறது. இல்லாத ஒன்றைப் பற்றிச் சொல்ல ஒரு தொடர் போதும். உள்ளவர்களைப் பற்றித்தான் மிகுதியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே பெரியாரின் மறுப்பும் இருப்பு–இன்மை வழக்கோடு நின்றுவிடவில்லை. அறியொணாவாதி ஒருவர் அவரிடம், இன்மையை நிறுவுக என்று கேட்டிருந்தால், அவ்வினா அவர் உரையின் முதற்பகுதியை மட்டுமே தொட்டிருக்கும்.

காளியிடம் வழக்கு

அண்ணாவின் நிலைப்பாட்டை அவருடைய அரசியல் உரைகளினும் ‘வேலைக்காரி’ தெளிவாகக் காட்டுகிறது. நாடகமாக மேடையேறி, 1949-இல் ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கத்தில் ஜுபிடர் பிக்சர்ஸ் படமாக வெளிவந்தது அது. கே.ஆர். இராமசாமி ஆனந்தனாக நடித்தார். வேதாசல முதலியாரின் கடன் நெருக்கடியால் தந்தை தற்கொலை செய்துகொள்ள, பழிவாங்கும் வலிமையைக் காளியிடம் வேண்டி நின்ற ஆனந்தன், ஏழையைக் கெடுத்தவனே மேலும் செழிப்பதைக் கண்டு காளியையே கடிந்துரைக்கிறான். படத்தைத் தடைசெய்ய வேண்டும் என்னும் குரல் எழுந்தது இக்காட்சியால்தான்.

இக்காட்சி நாத்திகப் பிரசாரம் என்று எதிர்ப்பாளரும் ஆதரவாளரும் ஒருமித்துக் கூறினர். ஆனால் உரையாடலின் இலக்கண வடிவமே அதனை மறுக்கிறது. ஆனந்தன் காளியை முன்னிலையில் வைத்துப் பேசுகிறான். இல்லாத ஒன்றை முன்னிலைப்படுத்திக் கோபிக்க மறுப்பாளனால் இயலாது. உண்டோ இல்லையோ என்பவனுக்குக் கோபிக்கும் உரிமையே இல்லை. ஆனந்தன் தொடுப்பது வழக்கு. எதிர்வாதி இருப்பதாகக் கொண்டு, அவள் தன் கடமையைச் செய்யவில்லை என்று முறையிடுகிறான். இந்நாடகத்தின் வலிமை அந்த வழக்கில் இருக்கிறது. பின்னர் வரும் அறிவுரைப் பகுதிகளில் இல்லை.

இவ்வடிவத்துக்குத் தமிழில் நெடிய முன்மரபு உண்டு. சங்கிலியாருக்குத் தந்த வாக்கை மீறித் திருவொற்றியூரை நீங்கிய சுந்தரர் கண்ணொளி இழந்தார் என்பதும், வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும் காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார் என்பதும் பெரியபுராண வரலாறு. அவ்வழியில் அவர் சிவனிடம் பேசும் கடுமொழி ஆனந்தனின் கடுமொழிக்குச் சற்றும் குறைந்ததன்று. இரண்டிலும் பேசுவோன் அடியவன். இரண்டிலும் குறை தீர்க்கப்படவில்லை என்பதே குற்றச்சாட்டு. வேறுபாடு மறுமொழியில் உள்ளது. சுந்தரருக்குக் கோலும் கண்ணும் இறைவனிடமிருந்து வந்தன. ஆனந்தனுக்குக் காளி மறுமொழி தரவில்லை. நண்பன் மணியின் கூர்த்த அறிவும், ஆள்மாறாட்டமும், இறுதியில் நீதிமன்றமும் துணைவருகின்றன. காளி உண்டா என்னும் வினாவுக்கு நாடகம் விடை கூறவில்லை. எந்தக் காளி, யாருக்கான காளி என்று கூறிட்டுவிட்டு, தீர்வு வரவேண்டிய இடத்தில் மனிதனை நிறுத்தியது. இறைவாழ்த்தின் மறுதலையாக நின்ற பழைய வசைவடிவம் அவ்வாறு இடம்பெயர்க்கப்பட்டதால்தான் பக்தர் நிறைந்த அரங்கிலும் அக்காட்சி கைதட்டல் பெற்றது.

கூறிட்டு மொழிதலுக்கு ஒரு விலையும் உண்டு. அண்ணாவை ஆதரித்து எழுதுவோர் அதனை மறைக்கத் தேவையில்லை. தேவன் ஒருவன் எனக் கொண்டதும் அத்தேவனின் வாயிலில் நிற்கும் பூசகர் யார், கருவறைக்குள் நுழைவோர் யார் என்னும் வினாக்கள் பின்னுக்குச் சென்றன. அண்ணாவின் மறைவுக்குப் பின், 1970-இல் பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கும் சட்டம் வந்தது. 1972-இல் உச்சநீதிமன்றம் பரம்பரை உரிமை நீக்கத்தை ஏற்றும், ஆகம விதிகளைக் காத்தும் தீர்ப்பளித்தது. மறுப்பாளரின் முழு வாழ்வும் எதிர்த்துநின்ற வாயில் ஒரு தீர்ப்பில் பாதி திறந்து பாதி மூடியது. கருவறை நுழைவைத் தம் இறுதிப் போராட்டமாகப் பெரியார் அறிவித்தது இதன் தொடர்ச்சியே. கடவுள் இல்லை என்றவர் கருவறைக்குள் செல்லும் உரிமையை ஏன் கேட்க வேண்டும் என்று வியந்தோர் அவர் மறுப்பின் முதற்பகுதியை மட்டும் வாசித்தவர்கள்.

சட்டம் கேளாத வினா

1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணா நிறைவேற்றிய இந்துத் திருமணச் சட்டத் திருத்தத்தை இவ்வழக்கின் பனுவல்களுள் ஒன்றாக வாசிப்பது பொருந்தும். புரோகிதரும் சடங்கும் இன்றி நிகழ்ந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாதவை என 1950-களின் முற்பகுதியில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. புதிதாகச் சேர்க்கப்பட்ட 7அ பிரிவு, உற்றார் நண்பர் முன்னிலையில் மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தலோ, மாலை அல்லது மோதிரம் மாற்றுதலோ, தாலி கட்டுதலோ போதும் என்றது. முன்னர் நடந்த திருமணங்களுக்கும் அது செல்லுமாறு செய்யப்பட்டது.

கடவுளை மறுப்போரின் திருமணத்துக்காக இயற்றப்பட்ட இப்பிரிவில் கடவுள் மறுப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லை. மணமக்களின் நம்பிக்கையை அது உசாவுவதில்லை. தாலியும் ஆகும், மோதிரமும் ஆகும். பூசகர் வரினும் தடையில்லை, வராவிடினும் குறையில்லை. உத்திரமேரூர்ச் சுவரிலும் நம்பிக்கை பற்றிய வினா இல்லை. ஆனால் அங்கே வேதக் கல்வி தகுதியாக நின்றது. இங்கே அத்தகுதி உடையோரின் தேவையே நீக்கப்பட்டது. அறியொணாவாதியின் மௌனம் தெரியாமையால் எழுவது. இச்சட்டத்தின் மௌனத்தை வாய்வாளாமை எனலாம். திருமணத்தின் செல்லுபடிக்குக் கடவுளின் இருப்பு தொடர்பற்ற வினா என்பது அதன் உட்கிடை.

சட்டம் கேட்கும் வினா ஒன்று உண்டு. இப்பிரிவு பொருந்துவது இந்துக்கள் இருவரிடையே நிகழும் திருமணத்துக்கு மட்டுமே. பரபக்கத்தில் உலகாயதன் முதல் இடம் பெற்று மதங்களின் வரிசைக்குள்ளேயே நிற்பதுபோல, கடவுள் இல்லை என்று மும்முறை சொல்லி மணம்புரிந்த இணையரும் சட்டத்தின் ஏட்டில் இந்துக்களாகவே நிற்கின்றனர். மறுப்பாளருக்கு இது தோல்வியா, அன்றி அலகைக் கணக்கிலிருந்து மனிதர் கணக்குக்கு அவர்களை மீட்ட வழியா என்பதில் திராவிட இயக்க ஆய்வாளரிடையே இன்னும் உடன்பாடு இல்லை.